செப்பு வளையம்

மழை நாளில் பஞ்சிகாவத்தை துருவாய் மணக்கும்.
நிஸ்தார் நானா லேத் மேசையில் வைத்தார்
ஒரு செப்பு வளையம்.
"கிலோ என்ன விலைக்குப் போகும்?"

துடைத்தேன். விளிம்பெங்கும் சாய்ந்த வெட்டுகள்,
குழலின் உள்மரை கடித்த தடம்.
எண்ணினேன். முப்பத்தாறு. வலஞ்சுழி.
சுழலாத எறிகணை காற்றில் தள்ளாடும்;
சுழன்றது குறியை மறக்காது.

கோட்டைத் தெருமுனையில் தலைகீழாய் நட்ட
பழைய பீரங்கிக்கு மரை இல்லை.
குண்டுக்கும் குழலுக்கும் நடுவே நகக்கண் இடைவெளி,
நெருப்பில் ஒரு பங்கு அதற்குள்ளால் ஓடிப்போகும்.
இப்போது லொத்தர்க்காரனின் சைக்கிள் அதில் சாய்ந்திருக்கிறது.

இந்த வளையம் இடைவெளி விடவில்லை.
இறுகிப் பிதுங்கிப் போயிருக்கிறது.

"எங்க எடுத்தது, நானா?"
"வன்னி லொறியில வந்த பழைய சாமான்."

அக்கா வீட்டுக் கூரையில் விழுந்த ஓட்டையை
யாரும் அளக்கவில்லை.
வெர்னியரைத் துடைத்து உறையில் வைத்தேன்.
விலை சொன்னேன்.