சோதனைச் சாவடி

ஆரம்பாக்கத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள்.
பெட்டிக்குள் லேசர், ஒரு படிகம்,
பஞ்சில் பொதிந்த இரண்டு உணரிகள்.
உதவி ஆய்வாளருக்கு எதிலும் நம்பிக்கையில்லை.
ஓட்டுநர் பொன்னுரங்கம் ஓர் அறையில்,
நான் இன்னொன்றில்.
கையில் மூன்று கேள்வி வைத்திருந்தார்:
முன்பு இந்த வழி வந்ததுண்டா,
சரக்கு விற்பனைக்கா,
தடாவில் யாரும் காத்திருக்கிறார்களா.
ஆளுக்கு ஒன்றுதான் கேட்டார்.
ஆம், இல்லை. வேறு பேச்சு கூடாது.

"சொல்லிவைத்துக்கொண்டு வந்திருந்தால்
கண்டுபிடித்துவிடுவேன்."
சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.
என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் அது.

பழவேற்காட்டில் ஐஸ் பாக்டரி மொட்டைமாடியில் நான்.
ஏரிக்கு அப்பால், ஆந்திரக் கரையில் நாகமல்லேஸ்வரி.
நடுத்தீவிலிருந்து ஜோடியாகக் கிளம்பும் போட்டான்கள்
ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு.
மாநில எல்லை தண்ணீரில் எங்கோ ஓடுகிறது;
அடையாளத்துக்கு நட்ட கம்புகளில்
யாரோ வலை கட்டியிருந்தார்கள்.
இடையே பன்னிரண்டு கிலோமீட்டர்.
ஒளிக்கே நாற்பது மைக்ரோ விநாடி.
கேள்வி பிறப்பதும் பதில் விழுவதும்
அதற்குள்.

தகட்டுக்கு மூன்று கோணம். அவளுக்கும் அதே மூன்று.
எது என்பதற்குக் கடைசி நொடியில் சீட்டு விழும்.
படகு ஓட்டிய எசேக்கியேல் கேட்டான்:
"பாடு போடுற மாதிரியா?"
ஆமாம்.
"சீட்டு எழுதுறவன் யாரு?"
அதற்கு இன்னும் என்னிடம் நல்ல பதிலில்லை.

இருவருக்கும் ஒரே கேள்வி விழுந்தால்
நூற்றுக்குத் தொண்ணூற்றேழு ஒரே பதில்.
புறப்படும்போதே மடியில் முடிந்துகொண்டு வருகின்றன,
வேறென்ன?
அப்படியே இருந்துவிடக்கூடாதா என்று
எனக்கும் ஆசைதான்.

ஆனால் கேள்வி மூன்று, பதில் இரண்டே.
எப்படி எழுதி முடிந்தாலும் ஏதோ இரண்டு ஒன்றாகிவிடும்.
வெவ்வேறு கேள்வி விழும்போதும்
மூன்றில் ஒரு தடவையாவது
பதில்கள் ஒத்துப்போயே தீரவேண்டும்.

தை மாதம். பதினோரு இரவு.
பூநாரைகள் குறுக்கே எழும்பியபோதெல்லாம் எண்ணிக்கை செத்தது.
லென்ஸில் உப்புப் பூத்தது.
கடைசி விடியலில் இரு கரைக் கணக்கையும்
போனில் ஒட்டவைத்தோம்.
"பாவு" என்றாள்.
கால். மேலே கொஞ்சம் சில்லறை.
நூற்றுக்கு இருபத்தாறு.
பிறகு இரண்டு பேருமே பேசவில்லை;
அவள் பக்கம் ஒரு மோட்டார் படகு
தட்டுத்தடுமாறிக் கிளம்புவது மட்டும் கேட்டது.

சொல்லிவைத்துக்கொண்டு வரவில்லை.
வழியில் பேசிக்கொள்ளவும் நேரமில்லை.
கேட்கும்வரை பதில் என்று ஒன்று
இருந்ததா என்பதே சந்தேகம்.

திரும்பும்போது அதே சாவடி. கையசைத்து விட்டுவிட்டார்கள்.
"தடாவில் ஆளுண்டான்னு உன்னைக் கேட்டாரா?" என்றேன்.
"இல்லீங்க. எனக்கு முதல் கேள்விதான்."
"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"
பொன்னுரங்கம் கியரை மாற்றினான்.
கும்மிடிப்பூண்டிப் பாலம்வரை
முன்னால் போன லாரியின்
அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தான்.