பதினோராவது வில்லை

மோவாவில் மழை பெய்தால் தெரு சிவக்கும்.
வெயிலடித்தாலும் அதே சிவப்புதான், பொடியாக.
கியூபாவின் இந்த மூலையில்
வெள்ளைச் சட்டை வாங்குகிறவனை
ஊர் ஒரு மாதிரிதான் பார்க்கும்.

இன்று எனக்கு வேலை, உட்கார்ந்திருப்பது.
ஐந்தாம் கலனை நிறுத்தி, மூன்று நாள் ஆறவிட்டு,
மூடியைக் கழற்றியிருக்கிறார்கள்.
உள்ளே நுழைகிறவன் தன் பித்தளை வில்லையை
என் பலகை ஆணியில் மாட்டவேண்டும்,
வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ளவேண்டும்.
அவ்வளவுதான்.
பென்சில், விசில், ஒரு பிளாஸ்க் காப்பி.

பதினொரு பேர் போனார்கள்.

போன வாரம்வரை அதற்குள் இருநூற்றைம்பது பாகை.
கடலுக்கடியில் நானூறு மீட்டரில்
மூழ்கியவன் நெஞ்சில் ஏறும் கனம்.
கொதிக்கத் துடிக்கும் நீரைக்
கொதிக்கவிடாமல் அமுக்கிப் பிடித்திருந்தோம்.
மலையைக் கூழாக்கி ஊற்றி
அமிலத்தை விட்டோம்.
இரும்பும் கரைந்தது.
ஆனால் இரும்புக்கு நிலையான புத்தி கிடையாது.
கரைந்த சூட்டிலேயே மனம் மாறி,
வாங்கிய அமிலத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு
மறுபடி செம்பொடியாய் உதிர்ந்துவிடும்.
நிக்கல் அப்படியில்லை. போனது போனதுதான்.
பச்சைத் தண்ணீராய்க் குழாய் குழாயாகப் போய்க்கொண்டேயிருக்கும்.

உதிர்ந்ததில் கொஞ்சம் சுவரைப் பிடித்துக்கொண்டு
கல்லாக இறுகும்.
அதைத்தான் உள்ளே கொத்துகிறார்கள்.

மூன்று மணிக்குப் பத்து வில்லைகள் போய்விட்டன.
ஒன்று ஆணியில் ஆடாமல் தொங்கியது.
எவெலியோ.
உளிச்சத்தமும் இல்லை.

விசிலை வாயில் வைத்தேன்.
ஊதினால் சைரன், மருத்துவ வண்டி, மூன்று தாள் அறிக்கை.
ஊதாவிட்டால்
என்று யோசிக்கும்போதே குனிந்து
துளைக்குள் அவன் பெயரைச் சொல்லியிருந்தேன்.
குரல் சுற்றிச் சுற்றி மேலேறி
யாருடையதோ போலத் திரும்பி வந்தது.
ஊதினேன்.

முதலில் ஒரு கை வந்தது.
பிறகு, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு பாளம்.
அதற்குப் பின்னால் கோபமாக எவெலியோ.
"ஒடால்மிஸ், எதற்கு ஊதினாய்?
எண்ணிக்கொண்டிருந்தேன்."

பாளத்தின் விளிம்பைத் தண்ணீர் விட்டுத் துடைத்தான்.
வெங்காயம்போல அடுக்கு அடுக்காக, சிவப்பும் மஞ்சளும்.
நகத்தால் தொட்டுக்கொண்டே போனான்.
இந்தச் சாம்பல் கோடு புயலுக்கு நிறுத்திய வாரம்.
இது கந்தகக் கப்பல் வராத மாதம்,
பார், எவ்வளவு மெலிசு.
இந்தக் கோணல்?
நீ ராத்திரிப் பணியில் வால்வை மாற்றித் திருகினாயே, அது.

அது நானில்லை, ரெய்னெரியோ என்றேன்.
கல்லில் இருக்கிறது என்றான்.

மருத்துவ வண்டி வந்து, திட்டிவிட்டுப் போனது.

வேலிக்கு அப்பால் வளைகுடாவில்
பவளச் சேற்றை வாரிக்கொண்டிருந்தார்கள்,
மிச்ச அமிலத்தின் கோபத்தைத் தணிக்க.
இன்னும் அப்பால் துறைமுகத்தில் மூட்டைகள்,
எங்கள் மலையிலிருந்து எடுத்ததெல்லாம்
அடுப்புக்கரி நிறத்தில் ஒரு தூள்.
கனடாவுக்குப் போய்த்தான் அது வெளுக்குமாம், மின்னுமாம்.
பத்தொன்பது வருடமாக இங்கே இருக்கிறேன்.
மின்னும் நிக்கலை நான் பார்த்ததில்லை.
பார்த்தாலும் எங்களுடையது என்று
எதை வைத்துச் சொல்வேன்?

அறிக்கைத் தாளை எடுத்தேன்.
தாமதம்: பதினான்கு நிமிடம்.
காரணம்:

காற்று தாளைத் தூக்கப் பார்த்தது.
எவெலியோ பாளத்தை அதன்மேல் வைத்துவிட்டு,
தன் வில்லையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு,
என் காப்பியைக் கேட்காமலே குடித்தான்.
கல்லின் ஈரம் தாளில் இறங்கி,
காரணத்துக்கு விட்டிருந்த இடம்
மெல்லச் சிவந்தது.