பதினோராம் பிரிவு

பல் மருத்துவமனையின் பின்கதவருகே
குப்பைக்குப் போகிற பெட்டியில் கிடந்தது
கையகல மடிக்கணினி.
"செத்துப்போச்சு, வேண்டுமென்றால் எடு" என்றாள் ஷெல்பி.
தரை துடைப்பவளிடம் எல்லாரும் இப்படித்தான்
தாராளமாக இருப்பார்கள்.

எட்மன்டனில் அன்று மைனஸ் இருபத்தொன்பது.
கோட்டுக்குள், நெஞ்சோடு அணைத்துப்
பேருந்தில் கொண்டுவந்தேன்.
பேஸ்மென்டில் ஒரு மணி நேரம்
உறைந்த மீனை வெளியே எடுத்து வைப்பதுபோல
சும்மா வைத்தேன்.

நினைவகம் ஒரே ஒரு ஜிபி. முப்பத்திரண்டு பிட்.
உள்ளே இருந்த விண்டோஸ் எழுந்து நிற்பதற்குள்
பருப்பு அவித்து, தாளித்து, தின்று,
தட்டையும் கழுவி முடித்தேன்.
வளையம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

லேசானது ஒன்று வேண்டும்.
லேசு என்றுதான் எல்லாமே தன்னைச் சொல்லிக்கொள்கிறது.
என் பெட்டியைப் பற்றி நானும் ஒருமுறை சொன்னேன்,
விமான நிலையத் தராசு ஒப்புக்கொள்ளவில்லை.

முதல் பென்டிரைவ்
அறுபத்து நான்கு பிட் இல்லையா என்று கேட்டு
வாசலிலேயே திரும்பிவிட்டது.

இரண்டாவது ஏறியது. எண்பது எம்பியில் சீவிக்கும் சாமி.
கறுப்புத் திரை, அதில் துடிக்கும் ஒரு கோடு.
கொய்யா என்று அடித்தேன்.
நான்கு சதுரப் பெட்டிகள் வந்தன.
எழுத்துரு ஏற்றி மறுபடி அடித்தேன்.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
இடையில் புள்ளிகளால் ஆன வட்டம்.
அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன்.
பழம் கனியவில்லை.

மூன்றாவது.
இரவு ஒன்றே முக்கால்.
நாற்பது நொடியில் எழுந்தது.
எழுந்த கையோடு, முழுச் சத்தத்தில்,
குரைத்தது.

நாய்க்குட்டி என்பது அதன் பெயர்.
பெயருக்கு ஏற்றபடி நடக்கும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.

மேலே பலகைத் தரை முனகியது.
திருமதி ஹ்ரின்சுக்கின் செருப்பு
குளியலறை வரை போனது, திரும்பியது,
என் தலைக்கு நேர்மேலே நின்றது.
நான் மூச்சை அடக்கிக்கொண்டு
கொய்யா என்று அடித்தேன்.
கொம்பு, கால், யகரம் இரண்டு,
எல்லாம் அதனதன் இடத்தில்.

அப்போது கைபேசி மினுங்கியது:
"யசோ, ஒப்பந்தம், பதினோராம் பிரிவு."
நாய், பூனை, பறவை, ஊர்வன கூடாது.
(மீனைப் பற்றிப் பேச்சில்லை.)

அணைத்தேன். சேமிக்கவா என்று கேட்டது,
பதற்றத்தில் ஆம் என்று தட்டினேன்.
கையில் ஏந்திக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.
"இதுதான் நாய்."
அவர் கையில் டார்ச் வைத்திருந்தார்.
கணினியை எழுப்பினேன்.
ஒன்றும் கதைக்காமல் இருவரும்
எழுத்துகள் ஓடுவதைப் பார்த்திருந்தோம்.

குரைக்கவில்லை.

அவர் கீழே இறங்கி
கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தார்,
அலுமாரியைத் திறந்தார்,
துவைக்கப் போட்ட துணியைக் காலால் கிளறினார்.
அரிசி மூட்டையைக்கூட ஒருமுறை தட்டினார்.
நான் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.
முதல் தடவை மட்டும்தான் குரைக்குமாம்.
சேமித்தது ஏதும் இருந்தால்
பழகிவிட்டோம் என்று எண்ணிப் பேசாமல் இருக்குமாம்.

நான் சேமித்திருந்தது ஒரே ஒரு சொல்.
அழிக்கவா என்று கேட்டது.
பன்னிரண்டு நிமிடமாக எனக்கிருந்த கொய்யா.
அழித்தேன்.

கட்டில் விளிம்பில் அவர், தரையில் நான்.
நாற்பது நொடி.

குரைத்தது.

திருமதி ஹ்ரின்சுக் டார்ச்சை அணைத்தார்.
திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்,
அங்கே இருந்தது ஒரு நீலப் பின்னணி மட்டும்.
"சின்ன நாய்" என்றார்.
பிறகு வாசலில் நின்று,
"சத்தத்தைக் குறைத்து வை.
முழுக்க நிறுத்த வேண்டாம்."