முதல் கேள்வி

கைபேசியை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடினேன்,
தார்த்து நகரத்தில், நாலாம் மாடியில்.
வீட்டுக்காரரிடம் சொன்னது: ஒரே ஒரு நாள்.
மேலதிகாரியிடம் சொன்னது: பல்வலி.

சதுப்பின் நடுவே பலகைப் பாதை.
ஒவ்வொரு பலகையும் காலுக்கடியில்
ஒரு மிடறு தண்ணீர் விழுங்கியது.
இடுப்பளவே வளர்ந்த பைன் மரங்கள்,
வயதில் என்னைவிட மூத்தவை.

குடிசைக்குப் பூட்டு கிடையாது.
யாரும் வரலாம், விறகை எரிக்கலாம்.
போகும்போது அடுத்தவருக்குக்
கொஞ்சம் பிளந்து வைக்க வேண்டும்.
சட்டம் அவ்வளவுதான்.

பதினாறு வருடமாகக் கேட்பது என் வேலை.
தீ. மாரடைப்பு. பனியில் கவிழ்ந்த லாரி.
சமையலறைத் தரையில் பிறந்துகொண்டிருக்கும் பிள்ளை.
யார் அழைத்தாலும் முதல் கேள்வி ஒன்றே:
எங்கே இருக்கிறீர்கள்?
என்ன ஆயிற்று என்பது இரண்டாவது.
இடம் தெரிந்துவிட்டால்
இணைப்பு அறுந்தாலும் வண்டி கிளம்பிவிடும்.

நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தேன்.
தேதி எழுதினேன். அடியில் கோடு போட்டேன்.
கோட்டுக்கு அடியில் இன்னொரு கோடு.
பிறகு தேநீர் வைத்தேன், விறகு பிளந்தேன்,
கிரான்பெர்ரி பறித்து வாயில் போட்டுப்
புளிப்பில் ஒற்றைக் கண்ணை மூடியபடி நின்றேன்.
அமைதியாக இருக்கும் என்றுதான் வந்தது.
பெருங்கொக்குகள் தெற்கே போய்க்கொண்டிருந்தன,
வானமெங்கும் எண்ணெய் காணாத கீல்கள்.

உச்சி சாய்ந்தபின் அவன் வந்தான்.
ஆளாக அல்ல, மூச்சாக.

போன ஜனவரி, அதிகாலை நாலு பத்து.
பேசவில்லை. மூச்சு மட்டும்.
பின்னால் ஒரு சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.
எங்கே இருக்கிறீர்கள், என்றேன்.
எங்கே இருக்கிறீர்கள்.
மூன்றாம் முறை கேட்டபோது
குரலில் ஏறிய சுளிப்பு எனக்கே கேட்டது.
வைத்துவிட்டான்.
விதிப்படி இரண்டு முறை திருப்பி அழைத்தேன்.
மணி அடித்தது.
கோபுரம் காட்டிய வட்டத்துக்குள் நானூறு வீடுகள்.
தவறுதலான அழைப்பு என்று பதிந்தேன்.
யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை,
விதியில் பிசகில்லை.

அடுப்பில் பிர்ச் பட்டை சுருண்டு எரிந்தது.
வேலைக் குரலில் வாய்விட்டுக் கேட்டுப் பார்த்தேன்:
எங்கே இருக்கிறீர்கள், விர்வே?
சதுப்பில். குடிசையில்.
கீழ்க் கட்டிலில், ஈரக் காலுறையோடு.
சரி. அங்கேயே இருங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எல்லோருக்கும் சொல்வதுதான்.
எனக்கு யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது கேள்விக்குப் போகவில்லை.
பதில் நீளம், பகல் குட்டை.
நோட்டில் ஏறியது ஒரே வரி:
சலவை இயந்திரம்.

எரித்தது ஆறு கட்டை.
ஒன்பது பிளந்து சுவரோரம் அடுக்கினேன்.
திரும்பும் வழியில், பாதி தூரத்தில்,
ஒரு பலகை இல்லை.
கறுத்த தண்ணீர், ஒரு எட்டு அகலம்.
காலையில் இதைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.
தாண்டியது ஞாபகமே இல்லை.