தேசிங்கு ஸ்டைல்

காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி ஆரோக்கியம் வீட்டுச் சுற்றுச்சுவர்.
பிள்ளைக்கு நாலாவது பிறந்தநாள்.
கிரீடம், வாள், சிம்மாசனம்,
பக்கத்தில் ஒரு புலி என்றார்.
புலிக்குத் தனி ரேட் என்றேன்.
அப்ப நாய் போடு என்றார்.

மெல்வின் உட்காருகிற பிள்ளை இல்லை.
ஜரிகைக் கோட்டு அரித்தது, கிரீடம் காதை அழுத்தியது.
மூன்று தடவை அழுது
ஒரு தடவை வாளால் அப்பனை அடித்து
இடது செருப்பை ஏலக் கூடத்துப் பக்கம் வீசிவிட்டு
பிளாஸ்டிக் நாற்காலியிலேயே தூங்கிப்போனான்.
நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் காலை.
கட்டைவிரலில் ஒரு மீன் செதில்.
அப்படியே வரைந்தேன்.
கண்ணை மட்டும் திறந்து வைத்தேன்,
கூலி வாங்க வேண்டுமே.

தாடைக்கு அடியில் இருக்கும் நீல நிழல் என்னுடையதல்ல.
வண்ணாரப்பேட்டை தேசிங்குவினுடையது.
அவர் சாரத்துக்கு எதிரே
பஸ்ஸுக்கு நிற்பவள் போல் நின்று
எட்டு நாளில் எடுத்துக்கொண்டேன்.
அவருக்கு அது
மிண்ட் தெரு நகைக்கடைக் காலண்டரிலிருந்து வந்தது.
அதில் ஒரு ராஜகுமாரி, கையில் மாதுளை.
காலண்டர்காரனுக்கு எங்கிருந்தோ.
எந்த அரண்மனையிலோ எவனோ ஒருவன்
பக்கத்தில் இருப்பவன் வண்ணம் குழைப்பதை
ஓரக்கண்ணால் பார்த்திருப்பான்.
அந்த மாதுளையே
அழுத பிள்ளையை அடக்க
ஆயா கையில் திணித்ததாக இருக்கலாம்.
அப்புறம் நூறு வருஷம்
பிறந்த இளவரசிக்கெல்லாம் மாதுளை.

மழை விட்டதும் தண்டையார்பேட்டை போனேன்.
கவுன்சிலர் பேரன், குதிரைமேல்,
தேசிங்குவின் கையெழுத்தோடு.
இடது கால் வெறுங்கால்.

திருவொற்றியூரில் இரட்டையர்,
ஆளுக்கொரு செருப்பு.
எண்ணூர் போகிற வழியில்
சலூன் சுவரில்கூட ஒரு குட்டி மகாராஜா,
வெறுங்காலை முன்னால் நீட்டிக்கொண்டு,
அது ஏதோ பட்டத்து அடையாளம் மாதிரி.

வயிறு எரிந்தது.
நீல நிழல் ஞாபகம் வந்தது.
கொஞ்சம் குறைந்தது.
முழுக்க இல்லை.

போன வாரம் கத்திவாக்கத்திலிருந்து ஒருத்தர்,
போனில் பேத்தியின் படம்.
"ஒரு கால்ல செருப்பு இல்லாம போடுவாங்களே,
ராயலா இருக்கும்,
தேசிங்கு ஸ்டைலு.
உனுக்கு வருமாம்மா?"

வரும் என்றேன்.
கொஞ்சம் கூட ஆகும்.
செதில் வேணும்னா
அதுக்குத் தனி.