நிறை

பஹாவ் பட்டணத்தில் வேலை கிடைத்த வாரம்
வாடகை அறைக்காக ஏழு பேரிடம் பேசினேன்.
என் மலாயில் பழுது சொல்ல முடியாது.
பெயர் கேட்கும்வரை எல்லா அறையும் காலிதான்.

தமயந்தி அனாக் பெரெம்புவான் அங்கமுத்து.

அங்கே ஒரு மூச்சு நிற்கும்.
அப்புறம் அறை போய்விட்டிருக்கும்,
நேற்றே, இன்று காலை, இப்போதுதான் என்று.

"யந்தின்னு மட்டும் சொல்லேன்" என்றாள்
ஆஸ்பத்திரியில் என்னோடு இரவு வேலை பார்க்கும் கோகிலம்.
"பாதிப் பேருதானே, பொய்யும் இல்ல."
கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.
அப்பாதான் அதில் இல்லை.

அங்கமுத்து.
செத்து ஆறு வருஷம்.
பால் ஸ்டோரில் கிராணி
முப்பத்திரண்டு என்று எழுதப் போகையில்
"இன்னொரு தரம் நிறுங்க" என்பார்.
குரல் உயராது.
வாளியைத் தானே தூக்கிக் கொக்கியில் திரும்ப மாட்டுவார்.
பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள், வெயில் ஏறுது என்று.
பள்ளிச் சீருடையில் நான்
வேறு யாரோ ஒருத்தரின் மகள் மாதிரி
உரமூட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.
சில நாள் முப்பத்தைந்து வரும்.
ஒரு நாள் முப்பத்தொன்று.
அன்றைக்கும்
"சரி, இப்ப எழுதுங்க" என்றார்,
அதே குரலில்.

சனிக்கிழமை, ஐந்தாவது வீட்டுக்கு நேரில் போனேன்.
நேற்றே போய்விட்ட அறையின் அட்டை
கேட்டில் இன்னும் தொங்கியது, மழையில் ஊறி.
"ஐயா, போனில் சொன்னதை இன்னொரு தரம் சொல்லுங்கள்."
உறவுக்காரப் பையன் வருகிறான் என்றார்.
நின்றேன்.
தண்ணீர்த் தொட்டி பழுது என்றார்.
நின்றேன். குடை பிடித்த கை வலித்தது.
கடைசியில் என் செருப்பிடம் சொன்னார்,
"இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை."

"சரி" என்றேன்.
முள் ஆடாமல் நின்றுவிட்டது.
எண் குறைவுதான்.

பஸ் நிலையத்துக் குழாயில்
முகம் கழுவ ஆரம்பித்தவள்
நிறுத்த முடியாமல் கழுவிக்கொண்டிருந்தேன்.
பின்னால் ஒரு கிழவி சோப்பை நீட்டினாள்.

ஸ்டோருக்குப் பின்னால் அப்பாவும்
நெடுநேரம் முகம் கழுவுவார்.
பால் வாடை போகத்தான் என்று
இத்தனை காலம் நினைத்திருந்தேன்.