இடது முன்சக்கரம்

அக்டோபர் மூன்றாம் வாரம்.
ராஹே ஊரின் குட்டைகள்
கண்ணாடி போட்டுக்கொள்ளத் தொடங்கிவிட்டன.
இரவுப் பணிக்காகப் பகலில் தூங்கி எழுந்து
சன்னல் திரையை விலக்கினால்
கீழே என் கார்
ஜாக்கியின் மேல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
பக்கத்தில் முழங்காலிட்டு ஆர்மாஸ்.

நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
ஆணி பதித்த டயர்கள் நான்கையும்
நிலவறையிலிருந்து ஒவ்வொன்றாக
உருட்டி வந்திருக்கிறார்,
தோள்வலிக்காரர்.

அந்தத் தோளுக்காகத்தான் ஆகஸ்டில்
அவர் வீட்டு விரிப்பை நான் துவைத்தேன்.
கடலோரத் தொட்டியில், பைன் சோப்பு நுரையில்.
உருக்காலைச் சட்டைகளை நாடாவாகக் கிழித்து
அவரே நெய்த விரிப்பு.
ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு, யார் சட்டையோ.
வெந்நீர் ஊற்றினேன்.
ஊற்றியிருக்கக் கூடாது.
சிவப்பு இறங்கி
பக்கத்து வெள்ளையெல்லாம் ஈறு நிறமாகிவிட்டது.
காயவைத்து, சுருட்டி, அவர் கதவில் சாய்த்துவிட்டு
மணி அடிக்காமல் மாடியேறினேன்.
மறுநாள் என் வாசலில் ஒரு வாளி புளூபெரி.
படிக்கட்டில் பார்த்தபோது
"நன்றாக வெளுத்திருக்கிறது" என்றார்.
பாராட்டா, புகாரா,
அந்தச் சொல்லை வைத்து எதையும் பிடிக்க முடியாது.

இப்போது கதை டயருக்கு வருகிறது.
அன்றிரவு ஓலு மருத்துவமனைக்குப் போகும் வழியில்
முப்பதாவது கிலோமீட்டரில்
டக்.
வேகம் கூட்டினால் டக் டக் டக்.
பேருந்து நிறுத்தத்தில் ஒதுக்கி
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தேன்.
இடது முன்சக்கரம்.
ஐந்து நட்டுகளில் இரண்டு
விரலுக்கே சுழன்றன.
அவருடைய தோள்
எந்தச் சக்கரத்தில் தீர்ந்துபோனது என்று தெரிந்தது.

கோபம் வந்தது.
ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிக்கும்வரை இருந்தது.
மற்ற மூன்று சக்கரங்களையும் பார்த்தேன்.
பிறகு பணிக்குப் பதினோரு நிமிடம் தாமதம்.
"பனி" என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.
ஒரு பொட்டுப் பனி இல்லை அன்று.

காலையில் திரும்பினால்
வாசலில் மணல் தூவிக்கொண்டிருக்கிறார்.
"வண்டி?"
"நன்றாக ஓடுகிறது."
என் கையுறையின் கிரீஸைப் பார்த்தார்.
பிறகு தரையைப் பார்த்தார்.
"ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும்
ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும்,
எல்லா வண்டிக்கும் உள்ளதுதான்."
"ஆமாம், பாருங்கள்" என்றேன்.
ஸ்பேனரை நானே எடுத்துக் கொடுத்தேன்.

அவர் முறுக்கட்டும் என்று
காப்பி ஊற்ற அவர் வீட்டுக்குள் போனேன்.
கூடத்தில் விரிப்பு.
வெளுத்த முனை
சோபாவுக்கு அடியில் போகும்படி
திருப்பிப் போட்டிருந்தார்.
இரண்டு கோப்பைகளைக் கழுவினேன்,
கழுவ வேண்டிய தேவையே இல்லாத கோப்பைகள்.
சன்னலுக்கு வெளியே
அசையாத நட்டுகளை
ஒவ்வொன்றாக, பல்லைக் கடித்து,
முறுக்கிக்கொண்டிருந்தார் ஆர்மாஸ்.